ஏழாம் கேள்வி

தாளைக் கவிழ்த்து வைத்தால் அதிலிருக்கிற கேள்விகள் எங்கேயும் ஓடிவிடாது என்று கலைவதனிக்குத் தெரியும். தெரிந்தும் கவிழ்த்துத்தான் வைத்தாள். அதற்கு மேல் பென்சில் பெட்டியையும் தூக்கி வைத்தாள். பெட்டியில் மகள் கவிஷா ஒட்டிய முயல் பாதி உரிந்து, மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பலெர்மோவில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கி இது ஐந்தாவது கிழமை. பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பது மணியிலிருந்து பதினொன்றேகால் வரைக்கும் இத்தாலிய மொழி படிக்கவேண்டும். படித்துச் சோதனையில் தேறினால்தான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விடுகிற அட்டை கிடைக்கும். புருசன் ரூபகாந்தன், வீடு வீடாய் மாடிப்படி கழுவி முழங்கால் தேய்ந்த மனுசன், "மொழி படிக்கிறதெண்டா என்ன பெரிய காரியமே, சந்தையில மீன் விலை கேக்கப் பழகுறதுதானே, போ" என்றுதான் அனுப்பி வைத்தான். ஐந்து கிழமையாகிறது, மீன் வரவில்லை. வந்ததெல்லாம் உன் பெயர் என்ன, எந்த நாடு, கலியாணம் முடித்தவளா, எத்தனை பிள்ளை, தாய் தகப்பன் இருக்கிறார்களா. இந்தக் கேள்விகளை அவளுக்கு முன்னமே தெரியும். பன்னிரண்டு வயதில், முட்கம்பிக்கு உள்ளே, வெள்ளைத் தறப்பாள் கூடாரத்தில், ஒரு மேசையும் சீருடைக்காரன் ஒருத்தனும் மொழிபெயர்க்க ஒருத்தனுமாக இருந்து இதே ஒழுங்கில்தான் கேட்டார்கள். பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர், ஆர் ஆர். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆர் ஆரைப் பார்த்துக் கொப்பி அடித்தார்களோ, மொழி படிப்பிக்கிற புத்தகத்தை அவர்கள் பார்த்தார்களோ, அவர்களின் படிவத்தை இவர்கள் பார்த்தார்களோ.

ரீச்சர் அன்தொனெல்லா நல்லவள் போலத்தான் தெரிந்தாள், அதுதான் பயமாக இருந்தது. நல்லவள் எதற்கு எல்லாவற்றையும் அந்த நீலக் கொப்பியில் எழுதவேண்டும்? ஆராவது வாயைத் திறந்தால் உடனே கொப்பி திறக்கிறது. வங்காளி இளைஞன் தன்னுடைய தகப்பனுக்கு இரண்டு பெண்சாதி என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டபோது வகுப்பு சிரித்தது, ரீச்சரும் சிரித்தாள், சிரித்தபடியே எழுதினாள். கலைவதனி அதைப் பார்த்தாள். கொப்பி பின்னேரம் எங்கே போகிறது, வீட்டுக்கா, அலுமாரிக்கா, கீழே வாசலில் பெயர் பதிகிற கந்தோருக்கா? கந்தோரிலிருந்து பொலிசுக்கு எத்தனை பஸ்? ரூபகாந்தனிடம் கேட்டதற்கு, "உன்ர கதையை வாசிக்கப் பொலிசுக்கு என்ன வேலை வெட்டி இல்லையே" என்று பகிடி பண்ணினான். பண்ணிவிட்டுச் சோற்றைக் கிளறியபடி, "ஆனா ஒண்டு, எல்லாக் கடுதாசியிலயும் ஒரே மாதிரி இருக்கவேணும். இஞ்ச வரக்குள்ள குடுத்தது எதுவோ அதுதான். விளங்குதோ" என்றான். விளங்குது. இங்கே வரும்போது கொடுத்தது, பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கொழும்பில் எம்பசிக்குக் கொடுத்தது, ஒரே பிள்ளை. கிராம சேவையாளர் கையெழுத்து வைத்தது, முகாமில் பதிந்தது, எல்லாம் ஒரே பிள்ளை. மாற்றிச் சொன்னால் முதல் சொன்னது பொய் என்றாகும். பொய் சொல்லி வந்தவளுக்கு அட்டை எதற்கு என்று கேட்பார்கள். பிறகு அவளும் பிள்ளையும் விமானத்தில் ஏறவேண்டியதுதான். கவிஷா அங்கே போய் என்ன பாசையில் அழுவாள்?

இன்றைக்கு ரீச்சர் தாளைக் கொடுத்து, இரண்டு இரண்டு பேராக இருந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டு எழுதுங்கள், பிறகு அவரைப் பற்றி எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றாள். சொல்லிவிட்டு நேரே கலைவதனியிடம் வந்து, ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவள் போலக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் யன்னலடிக் கதிரையில் இருத்தினாள். "ஒரே நாடு!" என்றாள். அடுத்த கதிரையில் நில்மினி. நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெண், முப்பத்தைந்து இருக்கும், வயோதிபர் இல்லத்தில் வேலை. ஐந்து கிழமையாகக் கலைவதனி கதவடியில் இருந்ததே நில்மினி யன்னலடியில் இருந்ததால்தான்; அதை இந்த ரீச்சர் கவனிக்காமலா இருந்திருப்பாள், கவனித்துத்தான் இருத்தினாளோ. ஒரே ஊரவளைக் கொண்டு கேட்டால்தானே உண்மை வரும், கூடாரத்திலும் அப்படித்தானே, பக்கத்தில் ஒருத்தனை வைத்திருந்தார்களே. நில்மினி சிரித்தாள். "ஹலோ நங்கி" என்றாள். நங்கி என்றால் தங்கச்சி. அந்தச் சொல்லைக் கடைசியாகச் சொன்ன ஆமிக்காரன் துவக்கு வைத்திருந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், நங்கி, பையைத் திற. நில்மினி தன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள், வேண்டுமென்றால் குடி என்பது போல. கலைவதனி அதைத் தொடவில்லை. போத்தல் என்றால் அவளுக்கு ஆகாது. இந்த நில்மினி கைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாளே, கவிழ்த்து வைத்த கைபேசியில் குரல் பதியும் என்று ஆரோ சொன்னார்களே. தானும் தாளைக் கவிழ்த்துத்தானே வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். நினைத்துத் தாளை நிமிர்த்தினாள்.

எட்டுக் கேள்விகள். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஒன்றுமில்லை, அவை எல்லாக் கடுதாசியிலும் இருக்கிறவை. ஆறாவது, உனக்குச் சகோதரர் உண்டா? இல்லை என்றால் எட்டாவதுக்குப் போ என்று ஒரு அம்புக்குறி வேறு போட்டிருந்தது. ஏழாவது உண்டு என்கிறவர்களுக்கு: அவருக்கு எத்தனை வயது, அவர் எங்கே வசிக்கிறார். எட்டாவது, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும். அம்புக்குறி நல்ல வசதி, ஏழாவதைத் தொடாமலே மேலால் பாய்ந்து சாப்பாட்டில் போய் விழலாம். பதினைந்து வருசமாக அவள் பாய்கிற பாய்ச்சல்தானே அது. அண்ணன் நிரோஜனை ஒன்பது நாள் பிடித்து வைத்திருந்தார்கள் இயக்கத்துப் பெடியள். பதினேழு வயது, துவக்குத் தூக்கத் தெரியாமல் பத்தாம் நாள் ஓடி வந்துவிட்டான். சண்டையின் கடைசியில் எல்லாச் சனமும் ஆற்றைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கள், பதிந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவன் நம்பினான். அவன் எல்லாவற்றையும் நம்புகிறவன். கள்ளம் சொல்லத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் அடி வாங்கினவன். "ஒம்பது நாள்தானேம்மா, சொல்லிப்போட்டு ஓடி வாறன்." தண்ணீர்ப் போத்தலை இவளிடம் தந்தான், "பிடி, வந்து குடிக்கிறன், நீ குடிச்சு முடிச்சிடாதை" என்று தலையில் ஒரு குட்டு வேறு. பஸ் நின்றது, பச்சை பஸ், நிரம்பியதும் போனது. போத்தலில் கால்வாசி இருந்தது. வெயில். அவள் குடித்துவிட்டாள். பொழுது சாய முன்னமே குடித்துவிட்டாள். அதை அம்மாவிடம் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பதிவு. வரிசையில் நிற்கும்போதே அம்மா காதுக்குள் சொன்னாள், "அண்ணா எண்டு ஒராள் இல்லை. எங்களுக்கு நீ ஒராள்தான்." உண்மை சொன்னவன் பஸ்ஸில் போய்விட்டான், இனி இந்த வீட்டில் ஆரும் உண்மை சொல்லப்போவதில்லை, அம்மா அப்படித் தீர்மானித்துவிட்டாள். மேசையடியில் சீருடைக்காரன் கேட்கத் தொடங்கவே இவள் இல்லை என்றுவிட்டாள். வெளியே வந்ததும் அம்மா கையில் நுள்ளினாள். "கேட்டு முடிய விடடி. கேக்க முதலே இல்லையெண்டா பொய்யெண்டு பிடிச்சிடுவாங்கள்." அதற்குப் பிறகு நாலு தரம் சரியாகச் சொன்னாள், கேட்டு முடிய விட்டு, ஒரு மூச்சு எடுத்து. அந்த அம்மாதான் இப்போது வீதியோரத்துப் போராட்டக் கொட்டிலில், பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு போய்க் குந்தியிருக்கிறாள், மடியில் படத்தோடு. அடையாள அட்டைக்கு எடுத்த படம், பெருப்பித்ததில் முகம் புகைந்துபோய் இருக்கிறது. கீழே ஒரு வரி, எங்கே. "என்னம்மா, நீங்கதானே ஒராளும் இல்லையெண்டு சொல்லச் சொன்னனீங்கள்" என்று தொலைபேசியில் கேட்டபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உன்னையும் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயம். இப்ப நீ அங்க பத்திரமா இருக்கிறாய். நான் ஏன் பயப்பிட? நீ உன்ர பிள்ளையைப் பார், வாயைத் திறவாதை." அம்மாவுக்கு வேலி இல்லை இப்போது, எல்லா வேலியையும் மகளைச் சுற்றிப் போட்டுவிட்டாள். மலைக்குகையில் இருக்கிற றொசாலியா மாதாவிடம் இங்கத்தைத் தமிழாக்கள் எல்லாரும், சைவமோ வேதமோ, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறிப்போய் நேர்ந்து வருவார்கள், கடுதாசியில் எழுதியும் வைப்பார்கள். அவளும் ஏறினாள், எழுதினாள். பெயரை எழுதவில்லை. சாமியார் வாசித்தால்? நி என்று ஒரு எழுத்துப் போட்டு மடித்து வைத்துவிட்டு வந்தாள். மாதா நி என்றால் ஆர் என்று எப்படிக் கண்டுபிடிப்பா, நிர்மலாவா, நித்தியாவா, அதுவும் ஒரு கவலை.

நில்மினிதான் முதலில் கேட்டாள், பச்சைப் பேனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு. இருவருக்கும் இடையில் இருந்தது இந்த அரைகுறை இத்தாலியன் மட்டும்தான். பெயர், சரி. நாடு, இரண்டு பேரும் சிரித்தார்கள், கலைவதனியும் சிரிக்கவேண்டியதாயிற்று. கலியாணம், ஓம். பிள்ளை, ஒன்று, நாலு வயது. அம்மா இருக்கிறா, அப்பா இல்லை. எல்லாம் எழுதினாள், உருண்டை உருண்டையான எழுத்து. ஆறாவது, சகோதரர் உண்டா. "ஆய் ஃப்ரதெல்" என்று நில்மினி தொடங்க, "நோ" என்றாள் கலைவதனி. கேட்டு முடியவில்லை. நுள்ளு விழவேண்டிய இடத்தில் கை தானாகச் சிலிர்த்தது. பச்சைப் பேனை ஆறாவது கோட்டுக்கு மேலே நின்றது. எழுதவில்லை. எழுதேன், இல்லை என்று எழுதேன் நில்மினி, ஏன் பார்க்கிறாய், என்ன தெரியும் உனக்கு? நில்மினி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தக் கோட்டை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு எட்டாவதுக்குப் போனாள். என்ன சாப்பிடப் பிடிக்கும்? கலைவதனிக்கு ஒரு சாப்பாடும் ஞாபகம் வரவில்லை. தோடம்பழம் என்றாள். வெறுமையாக விட்டது ஏன், பிறகு நிரப்பவா, ரீச்சரிடம் தனியப் போய்ச் சொல்லவா?

இனி இவளுடைய முறை. பேனையை எடுத்தபோது அது கனத்தது. பேனை பிடித்தவர்களை எல்லாம் பயந்து பயந்தே பார்த்திருக்கிறாள், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நில்மினி ஒவ்வொன்றாகச் சொன்னாள், புருசன் இங்கே, இரண்டு பெடியன்கள் அங்கே அம்மாவோடு, பெரியவனுக்குப் பதினொன்று. பெடியன்களைச் சொல்லும்போது தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினாள், திறக்கவில்லை. ஆறாவது. கலைவதனி எழுத்துக் கூட்டி "ஆய் ஃப்ர" என்றதும் "நோ" என்றாள் நில்மினி. "நோ. எழுது, நோ." கேட்டு முடியவில்லை. கலைவதனி நிமிர்ந்தாள். நில்மினியின் கண் இவள் முகத்தில் இல்லை, பேனையின் முனையில் இருந்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும், வெளியேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தரம். பொய். ஒவ்வொரு நாளும் இடைவேளையில் வகுப்புக்கு வெளியே நடையோடையில் நின்று கைபேசியில் இவள் "அய்யே, அய்யே" என்று ஆரோடு கதைக்கிறாள்? முகாமில் இரண்டு வருசம் இருந்தவளுக்கு அய்யே என்றால் அண்ணா என்று தெரியாதா? நேற்றும் கூப்பிட்டாள், வெளியே போகாதே, கதவைத் திறக்காதே என்பது போல ஏதோ கெஞ்சினாள். அப்படியென்றால் அவன் இங்கேதான் இருக்கிறான், இவள் வீட்டுக்குள், அட்டை இல்லாமல். அல்லது ஆமிக்காரன், அங்கே என்னத்தையோ செய்துவிட்டு வந்து ஒளித்திருக்கிறான். ஆமிக்காரன் என்றால்? பச்சை பஸ்ஸின் வாசலில் நின்று ஆக்களை எண்ணி ஏற்றியவன் என்றால்? வயதைக் கேட்கலாமா? ஏழாவது கேள்வி இருக்கிறதே, உண்டு என்று எழுதிவிட்டுக் கேட்டால் சொல்லத்தானே வேண்டும். ஒரு சொல் எழுதினால் போதும், ஒரு சொல். அவள் நோ என்று எழுதினாள். இரண்டு எழுத்து. எவ்வளவு சுகமாக எழுதப்படுகிறது, ஒரு அண்ணன்காரன் இல்லாமல் போக மை கூடச் செலவில்லை.

ரீச்சர் கையைத் தட்டினாள். கானா நாட்டுப் பெண் வங்காளியைப் பற்றிச் சொன்னாள், வங்காளி அவளைப் பற்றிச் சொன்னான், நீலக் கொப்பி நிரம்பிக்கொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டில் பதினொன்று. இன்னும் பதினைந்து நிமிசம், மணி அடித்துவிட்டால் தப்பலாம், கானாக்காரி இன்னும் கொஞ்சம் இழுத்தால் நல்லது. இழுக்கவில்லை. "கலாவதானி" என்று ரீச்சர் கூப்பிட்டாள், ஐந்து கிழமையாக அவளுக்கு அந்தப் பெயர்தான். அவள் எழும்பி நின்றாள். ஒருத்தரும் நிற்பதில்லை, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு ரீச்சர் கேட்டால் எழும்பத்தான் தெரியும். இரு, இரு என்று ரீச்சர் கையால் அமர்த்தினாள், அவள் நின்றபடியே வாசித்தாள், இது நில்மினி, இலங்கை, புருசன், இரண்டு பிள்ளை. "நோன் ஆ ஃப்ரதெல்லி." இவளுக்குச் சகோதரர் இல்லை. குரல் நடுங்கவில்லை, எத்தனை வருசப் பழக்கம். ரீச்சர் எழுதினாள். பக்கத்தில் நில்மினியின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை அவள் பார்க்காமலே கண்டாள். அந்த மேசையடியில் அம்மாவின் தோளும் இப்படித்தான் இறங்கியது. அதைத் தோள் ஆறினது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள், தோள் உடைந்ததும் அதுதானோ.

நில்மினி இருந்தபடியே சொன்னாள். இது வதனி. என்னைப் போல இலங்கை. ஒரு மகள் இருக்கிறாள், நாலு வயது. அம்மா இருக்கிறா. விரல் ஆறாவது கோட்டுக்கு வந்தது, நின்றது, கீழே இறங்கியது. வதனிக்குத் தோடம்பழம் பிடிக்கும். வங்காளி சிரித்தான். "சகோதரர்?" என்றாள் ரீச்சர், பேனையைத் தூக்கியபடி. "ஆறாவதை விட்டுவிட்டாயே நில்மினி." இதோ வந்துவிட்டது, இப்போது சொல்லப்போகிறாள். நில்மினி தாளைப் பார்த்தாள், கலைவதனியைப் பார்த்தாள், "தெரியாது" என்றாள். "கேட்க மறந்துவிட்டேன்." கேட்டாயே. நான் சொன்னேனே. இல்லை என்று எழுதியிருந்தால் முடிந்திருக்குமே, எல்லா மேசையிலும் எல்லாரும் எழுதினார்கள், நீ மட்டும் ஏன் எழுதவில்லை? அந்தக் கோடு நில்மினியின் தாளில் வெள்ளையாகக் கிடந்தது. பதினைந்து வருசத்தில் அவனுக்கென்று ஆரும் விட்டுவைத்த முதல் இடம், ஒரு விரல் நீளம் இருக்கும். ரீச்சர் இவள் பக்கம் திரும்பினாள். "அப்படியென்றால் நீயே சொல்லு. உனக்குச் சகோதரர் உண்டா?" கலைவதனி கேட்டு முடிய விட்டாள். ஒரு மூச்சு எடுத்தாள். எல்லாக் கடுதாசியும் கண்ணுக்குள் வந்தது, கிராம சேவையாளரின் முத்திரை, எம்பசிக் கண்ணாடி, பாலர் பள்ளி வாசலில் அவளுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கப்போகிற கவிஷா. "ஊனோ" என்றாள். ஒராள்.

கதவு திறந்துதான் இருந்தது. வங்காளி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரீச்சர் கொப்பியை விட்டுவிட்டு வெண்கட்டியை எடுத்தாள். அது நல்லதா கெட்டதா? பெயர் என்ன என்றாள். "நிரோஜன்." அவள் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள், வெளியே நடையோடையில் போகிற ஆரும் வாசிக்கலாம். வயது எத்தனை? பதினேழு என்று வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அவளுக்கே இருபத்தேழு ஆகிறதே, அண்ணன் எப்படிப் பதினேழில் நிற்பான்? ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. வீட்டு மாடிப்படியைக் கவிஷா ஒவ்வொரு நாளும் இத்தாலியனில் எண்ணிக்கொண்டு ஏறுவாள், அதில்தான் இவள் எண் படித்தது. பதினேழாவது, சிமெந்து உடைந்த படி, அதில் பிள்ளை இடறுவாள். கலைவதனி அந்த உடைந்த படியிலிருந்து அண்ணனைக் கையைப் பிடித்து ஏற்றினாள், பதினெட்டு, பத்தொன்பது, முகாம் விட்ட வருசம், அவளுடைய கலியாணம், இருபத்தேழு, கவிஷா பிறந்தது இருபத்தெட்டில், நாய் குரைக்கிற கதவு, முப்பது, முப்பத்தொன்று. மேலே வந்து நின்ற ஆளுக்கு முன்மயிர் கொஞ்சம் கொட்டியிருந்தது. "ட்ரெந்தாதூவே" என்றாள். முப்பத்திரண்டு. "பிராவா" என்றாள் ரீச்சர், எழுதினாள், திரும்பினாள், சிரித்தபடி, தாளில் இருந்த ஒழுங்கிலேயே கேட்டாள். "எ தோவே ஆபிதா?" அவர் எங்கே வசிக்கிறார்? உண்டா இல்லையா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கே என்று அவளை ஒருத்தரும் கேட்டதில்லை; அது அம்மா கேட்கிறது, வீதியில் குந்தியிருந்து, போகிற வருகிற வாகனங்களிடம். "தோவே ஆபிதா" என்றாள் கலைவதனி. சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ரீச்சர் தலையாட்டினாள், நல்லது, கேள்வியைத் திருத்தமாகச் சொல்கிறாய், இப்போது மறுமொழியைச் சொல்லு. நில்மினி மெல்லத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இவள் பக்கம் தள்ளினாள். கலைவதனி ரீச்சரின் கண்ணைப் பார்த்து, பயப்படாமல், இன்னும் ஒரு தரம் கேட்டாள். கரும்பலகையில் முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில் வெண்கட்டி காத்துக்கொண்டு நின்றது.